சூயிங்கம் மென்றால் தாடை கூர்மையாகுமா?

சூயிங்கம் மென்றால் தாடை கூர்மையாகிவிடும் என்ற நம்பிக்கை கல்லூரிப் பையன்களிடம் பரவிக் கிடக்கிறது. பெட்டிக்கடையில் கிடைக்கும் சூயிங்கம் இதற்குப் போதாதாம். இதற்கென்றே கெட்டியாகத் தயாரித்து, அட்டையில் ஒரு வெள்ளைக்காரன் முகத்தை அச்சடித்து ஆன்லைனில் விற்கிறார்கள். கிரேக்கத்தின் கியோஸ் தீவில் மரத்திலிருந்து வடியும் மாஸ்டிக் பிசினை வரவழைத்து மெல்பவர்களும் உண்டு. கடவாய்ப் பல்லுக்கு நடுவே வைத்துக் கடிக்கச் சிலிகான் கட்டி வேறு விற்கிறது. நான் கும்பகோணத்தில் போட்டோ ஸ்டூடியோ நடத்துகிறவன். பொழுது விடிந்தால் பொழுது போனால் முகங்களோடுதான் பிழைப்பு. அந்த உரிமையில் சொல்கிறேன், இது வீண் வேலை. மெல்லும் பழக்கம் முகத்தை மாற்றும் என்பது உண்மைதான். இவர்கள் ஆசைப்படும் விதத்தில் மாற்றாது, அவ்வளவுதான்.

காது மடலுக்குக் கீழே, தாடை திரும்பும் மூலையில் இரண்டு விரலை வைத்துப் பல்லைக் கடியுங்கள். விரலுக்கடியில் புடைத்து எழுவதுதான் மெல்லும் தசை. மாசட்டர் என்பது அதன் மருத்துவப் பெயர். கன்ன எலும்பிலிருந்து கீழ்த்தாடை மூலை வரை இறங்குகிறது. ஓயாமல் மென்றால் பருக்கும். ஆனால் பக்கவாட்டில் பருக்கும். முகம் அகன்று சதுரத்துக்குப் போகும். பையன்கள் கேட்பதோ மோவாயிலிருந்து காது வரை ஓடும் கூரான கோடு. அந்தக் கோட்டை முடிவு செய்பவை எலும்பின் அமைப்பு, மோவாய்க்கு அடியில் சேரும் கொழுப்பு, கழுத்துத் தோலின் இறுக்கம். இவற்றில் எதையும் மென்று மாற்ற முடியாது. தென்கொரியாவில் இதே தசையைச் சுருக்குவதற்காகப் பெண்கள் போடாக்ஸ் ஊசி போட்டுக்கொள்கிறார்கள். சில மாதங்களில் மருந்தின் வேகம் குறைந்ததும் மறுபடியும் ஊசி. அங்கே காசு கொடுத்துக் கரைப்பதை இங்கே காசு கொடுத்து வளர்க்கிறோம். கொசுறாகத் தாடை மூட்டு வலியும், வாயைத் திறக்கும்போது காதோரம் கேட்கும் 'டொக்' சத்தமும் வந்து சேரும்.

இன்னொரு கூட்டம் நாக்கை மேலண்ணத்தில் அழுத்தி வைத்துக்கொண்டு திரிகிறது. 'மியூயிங்' என்று பெயர். பிரிட்டனைச் சேர்ந்த ஜான் மியூ என்ற பல் சீரமைப்பு மருத்துவரும் அவர் மகன் மைக் மியூவும் பரப்பிய கருத்து இது. சிறுவர்களுக்கு அளித்த சிகிச்சை பற்றிய நீண்ட விசாரணைக்குப் பிறகு, 2024-ல் அந்நாட்டுப் பல் மருத்துவக் கவுன்சில் மகனின் பெயரைப் பதிவேட்டிலிருந்தே நீக்கிவிட்டது. இந்தச் செய்தியை யாரும் ரீல்ஸ் போடுவதில்லை.

தாடையே இல்லை என்று புலம்பி வரும் பையன்களில் பெரும்பாலோருக்குத் தாடை நன்றாகவே இருக்கிறது. போனை முகத்துக்கு அருகில் வைத்து எடுத்த செல்ஃபியைப் பார்த்துத்தான் இந்த முடிவுக்கு வருகிறார்கள். 12 அங்குலத் தூரத்தில் எடுக்கும் படத்தில், ஐந்தடித் தூரத்தில் எடுப்பதைவிட மூக்கு ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018-ல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். ஸ்டூடியோக்காரர்களுக்கு இது தாத்தா காலத்துப் பாடம். நாலு தப்படி பின்னால் போய், விளக்கைக் கொஞ்சம் உயர்த்தி, "மோவாயைச் சற்று முன்னே கொண்டு வந்து கீழே இறக்கு தம்பி" என்றால் அவன் கேட்கும் கோடு வந்துவிடும். "அண்ணா, எடிட் செய்தீர்களா?" என்று கேட்பான். விளக்கைத்தான் எடிட் செய்தேன்.

மெல்லும் பழக்கம் நிஜமாகவே முகத்தில் எழுதும் இடங்கள் வேறு. பாஸ்போர்ட் படத்துக்கு நேர் வெளிச்சத்தில், வாயை மூடி, சிரிக்காமல் உட்கார வைத்தால் சிலருக்கு ஒரு பக்கத் தாடை மூலை மட்டும் தடித்திருக்கும். யார் முகமும் இரு பாதியும் ஒன்றாக இருப்பதில்லை. அது வேறு. இது கண்ணுக்குத் தட்டுப்படும் வித்தியாசம். "நீங்கள் இடப்பக்கம்தானே மெல்வீர்கள்?" என்று கேட்டால் சோதிடம் பார்த்தவனைப் போல என்னைப் பார்ப்பார்கள். காரணம் கேட்டால் வரும் பதில் அநேகமாக ஒன்றுதான். வலப்பக்கக் கடவாய்ப் பல் சொத்தை, கடித்தால் கூசும். அல்லது பிடுங்கிவிட்டு அப்படியே விட்டாயிற்று. ஒரு பக்கமாக மெல்வது கெட்ட பழக்கம், இரு பக்கமும் மெல்லுங்கள் என்று அறிவுரை சொல்லும் காணொளிகள் இதைக் கேட்பதே இல்லை. வலிக்கிற பக்கத்தில் எவன் மெல்வான்? (தடிப்பு திடீரென்று வந்தாலோ, வலித்தாலோ, அது மெல்வதால் வந்தது என்று நீங்களாக முடிவு கட்ட வேண்டாம். கட்டியோ, உமிழ்நீர்ச் சுரப்பி வீக்கமோ ஆகவும் இருக்கலாம்.)

பல் போனால் முகத்துக்கு என்ன ஆகும் என்பதைச் சதாபிஷேகப் படம் எடுக்கும்போது பார்க்க வேண்டும். போன வருடம் ஒரு தாத்தா பல்செட்டைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தார். வெளிச்சம் சரிபார்க்க அவர் செட் போடாமல் இருக்கும்போதே ஒரு படம் தட்டினேன். உதடு உள்ளே போயிருந்தது, மோவாய் மேலேறி மூக்கை எட்டப் பார்த்தது, கன்னம் குழிந்திருந்தது. திரும்பி நின்று செட்டை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அடுத்த படத்தில் முகத்தின் கீழ்ப்பாதி நீண்டு, வேறு ஆள்! "பத்து வயது குறைந்துவிட்டதே" என்று பாட்டி கேலி செய்தார். பல்லைத் தாங்கும் தாடை எலும்பின் விளிம்பு, பல் போனதும் வேலையில்லாமல் கரைய ஆரம்பிக்கிறது. எங்கள் மாடியில் மருத்துவமனை வைத்திருக்கும் பல் டாக்டரம்மா சொன்ன விளக்கம் இது. முக அழகுக்கு எந்தப் பிசினும் செய்யாததைச் சொந்தப் பல் செய்கிறது என்பதுதான் என் கட்சி.

எலும்பு வளரும் வயதில் மெல்வதற்குப் பலன் இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. 2004-ல் ஹார்வர்டின் டேனியல் லீபர்மன் குழு, ஹைராக்ஸ் என்ற சிறு விலங்குகளில் ஒரு பிரிவுக்குச் சமைத்த மெத்தென்ற உணவும் மற்றதற்குக் கடினமான உணவும் கொடுத்து வளர்த்துப் பார்த்தது. மெத்தென்று தின்றவற்றின் முக எலும்பு சில பகுதிகளில் பத்து சதவீதம் அளவுக்குக் குறைவாக வளர்ந்திருந்தது. மனிதர்களிடமும், மெல்லுணவுக்கு மாறிய தலைமுறைக்குப் பல்வரிசை நெரிசல் கூடுகிறது என்று ராபர்ட் கொருச்சினி என்ற மானிடவியலாளர் சண்டிகர் வட்டாரம் உட்படப் பல இடங்களில் ஆராய்ந்து வாதிட்டார். ஆகவே பிள்ளைகளுக்கு மூன்று வயதுக்கு மேலும் சாதத்தைக் குழைத்து ஊட்டுவதை நிறுத்துங்கள். கரும்பைக் கையில் கொடுங்கள். தை மாதத்துப் பனங்கிழங்கை நார் உரித்துக் கடிக்கட்டும். இருபத்திரண்டு வயதுக்காரன் அதைத் தின்றால் பசி அடங்கும், தாடை வளராது.

கடைசியாக, எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பிடிக்காத விஷயம். 2025-ல் கும்பகோணம் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, எனக்கும் பெருமைதான். கொழுந்து வெற்றிலையைக் குறை சொல்லவில்லை. வில்லன் பாக்கு. புகையிலை சேர்க்காத பாக்கும் புற்றுநோய்க் காரணிதான் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே வகைப்படுத்திவிட்டது. அதற்கு முன்பே முகத்தைப் பிடிக்கும் இன்னொரு நோய் இருக்கிறது. பாக்கில் உள்ள அரிக்கோலின் என்ற வேதிப்பொருள் கன்னத்தின் உட்தோலை நாராக்கி இறுக்கும். 1952-ல் கென்யாவில் வாழ்ந்த இந்தியப் பெண்கள் ஐந்து பேரிடம் இதைக் கண்டு மருத்துவ உலகுக்குத் தெரிவித்தார்கள். முதலில் காரம் பட்டால் எரியும். பிறகு கன்னம் விறைக்கும், சீட்டி அடிக்க வராது, பலூன் ஊத முடியாது, வாய் திறப்பது சுருங்கிக்கொண்டே போகும். முழுதாகப் பழைய நிலைக்குக் கொண்டுவர மருந்து கிடையாது. குட்காவுக்குத் தமிழ்நாட்டில் 2013-லேயே தடை வந்தது. வாசனைப் பாக்குப் பொட்டலம் மட்டும் பள்ளிக்கூட வாசலில் சரமாகத் தொங்குகிறது, அதைக் கேட்பார் இல்லை. கல்யாண ஆல்பத்துக்கு "நன்றாகச் சிரியுங்கள் மாப்பிள்ளை" என்று சொன்னால், சிரிக்க மனமிருந்தும் உதடு விரியாத இளைஞர்களை இப்போது பார்க்கிறேன்.

பாக்குப் போடுகிறவர்கள் கண்ணாடி முன் நின்று ஆட்காட்டி, நடு, மோதிர விரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துப் பல்லுக்கு நடுவே நுழைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றால் படம் எடுக்க என்னிடம் வர வேண்டாம், நேராக மாடிக்குப் போங்கள். படி கடைக்கு இடப்பக்கம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை டாக்டரம்மா வரமாட்டார்.