எல்லாத்துக்கும் ஒரே சிவப்பு விளக்கா?

தண்டையார்பேட்டையில் எங்கள் மொட்டை மாடியில் தெருப் பையன்கள் சேர்ந்து தரையில் போட்ட கோட்டைப் பார்த்தே ஓடும் லைன் ஃபாலோயர் ரோபோ செய்கிறார்கள். சக்கரம் சுற்ற வேண்டிய நேரத்தில் போர்டில் ஒரு சிவப்பு விளக்கு மினுக் மினுக்கென்று அடிக்கிறது. பேட்டரி இறங்கிவிட்டதா, ஒயர் கழன்றதா, புரோகிராமே ஏறவில்லையா? எதற்கும் அதே சிவப்புதான். போர்டு வந்த டப்பாவைக் குடைந்து பார்த்தால், எந்த மினுக்குக்கு என்ன அர்த்தம் என்று சொல்ல ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது.

பிள்ளைகள் பழகும் ஆர்டுயினோ ஊனோ போர்டிலாவது விளக்குப் பக்கத்தில் எழுத்து இருக்கிறது. ஆன் என்றால் கரண்ட் வருகிறது. டிஎக்ஸ், ஆர்எக்ஸ் என்றால் கம்ப்யூட்டரோடு பேச்சு. ஆனால் எல் என்று எழுதிய அந்த விளக்கு? அது ஒயர் மாட்டும் 13ஆம் பின்னோடு சேர்ந்தது. போர்டை முதலிலிருந்து தொடங்க வைக்கும் ரீசெட் பொத்தானை அழுத்தினாலும் மினுக்கும். எஸ்பிஐ என்ற முறையில் போர்டோடு பேசும் மாட்யூலை, அதாவது துணைப் பலகையை, மாட்டினால் அந்தப் பேச்சுக்குத் தாளம் போடும் கிளாக் சிக்னல் போவதும் அதே பின்னில்தான், அப்போதும் மினுக்கும். மோட்டார் கிளம்பும்போது வோல்டேஜ் சரிந்து போர்டு திரும்பத் திரும்ப ரீசெட் ஆகிறது என்பதைச் சொல்லத் தனியாக ஒரு விளக்கு இல்லை. புதுசாகக் கற்றுக்கொள்ளும் பிள்ளை என்ன செய்வான்? புரோகிராமில்தான் தப்பு என்று ராத்திரி முழுக்க அதையே நோண்டுகிறான். பார்க்கவே வயிறு எரிகிறது.

எச்.சி-05 (HC-05) புளூடூத் மாட்யூலைப் பாருங்கள். போனோடோ வேறு கருவியோடோ ஜோடி சேராதவரை படபடவென்று அடிக்கும். சேர்ந்ததும் இரண்டு மினுக்கு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி இரண்டு மினுக்கு. பார்த்ததும் புரிகிறது. பெரிய போர்டு செய்கிறவர்களுக்கு மட்டும் என்ன வந்தது? வோல்டேஜ் குறைந்தால் எரிய ஒரு விளக்கு வையுங்கள், பக்கத்தில் ரெண்டு எழுத்து அச்சடியுங்கள். அப்புறம் அந்தத் துண்டுச் சீட்டையும் டப்பாவில் போடுங்கள் சார்.