சிலிகான் எண்ணெய் இல்லாமலும் செல்கள் வரும்

அக்ரிலிக் ஊற்று ஓவியத்தில், அதாவது நீர்த்த அக்ரிலிக் வண்ணங்களை ஊற்றிச் செய்யும் ஓவியத்தில், செல்கள் (ஒரு வண்ணத்தின் நடுவே இன்னொன்று திறந்து தெரியும் வட்டங்கள்) வர சிலிகான் எண்ணெய் கட்டாயம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எண்ணெய் உதவும், ஆனால் கட்டாயமில்லை. அடர்த்தி கூடிய வண்ணத்தை லேசான வண்ணத்தின் மேல் ஊற்றினால் கனமானது இறங்கும், லேசானது மேலேறி வட்டமாகத் திறக்கும். மெக்சிகோ ஓவியர் சிகெய்ரோஸ் 1930களில் இதே விளைவை வைத்துப் படம் செய்தார்.

நீங்களே சரிபார்க்கலாம். டைட்டானியம் வெள்ளை, கறுப்பு இரண்டையும் ஒரே ஊற்று ஊடகத்தில் (வண்ணத்தை ஊற்றும்படி இளக்கும் திரவம்) ஒரே பதத்துக்குக் கலக்குங்கள். ஒவ்வொன்றிலும் 10 மில்லி எடுத்து எடை பார்த்தால் வெள்ளை கூடுதலாகக் காட்டும். அப்புறம் கறுப்பின் மேல் வெள்ளையை மெல்லிதாக ஊற்றிச் சில நிமிடம் பொறுங்கள்.

மனசை லேசாக்கும் இந்த வேலையை எண்ணெய் கிடைக்கவில்லை என்று யாரும் தள்ளிப்போட வேண்டாம். எண்ணெய் சேர்த்தால், வார்னிஷ் ஒட்டுவதற்கு முதலில் அதைத் துடைத்தெடுக்கவும் வேண்டும்.