எடை குறைத்தவள் டிசம்பரில் ஊருக்கு வந்தால்

உடம்பைக் குறைப்பது ஒரு வேலை. குறைத்த உடம்போடு டிசம்பர் மாதம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குள் வந்து இறங்குவது வேறு வேலை. முதல் வேலைக்கு ஊரே ஆலோசனை சொல்லும். இரண்டாவதைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை, அதனால் நான் எழுதுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் பண்டிகைக் காலம் என்றால் ஒரு நாளா இரண்டு நாளா? நவம்பர் கடைசியில் கோட்டாறு சவேரியார் கோயிலில் கொடி ஏறும். டிசம்பர் 3 உள்ளூர் விடுமுறை. அதோடு வீடுகளில் குடில் கட்டத் தொடங்கிவிடுவார்கள், இருட்டியதும் கேரல் குழுக்கள் கிளம்பிவிடும். கிறிஸ்மஸ், சுசீந்திரம் மார்கழித் தேர், புத்தாண்டு, அதன் பின்னாலேயே பொங்கல். இடையில் வளைகுடாவிலிருந்து லீவில் வந்தவர்கள் வீட்டுக் கல்யாணம், புது வீட்டுப் பால்காய்ப்பு, பிள்ளைக்குப் பெயர் வைப்பு. எல்லாம் சேர்த்தால் ஒன்றரை மாதத்தைத் தாண்டும்.

என் கட்சி இதுதான்: கிறிஸ்மஸ் அன்று சாப்பிட்டு யாருக்கும் எடை ஏறுவதில்லை. இந்த ஒன்றரை மாதத்தில், விருந்து என்று யாருமே பெயர் வைக்காத நேரங்களில் வாய்க்குள் போகிறதே, அதில்தான் ஏறுகிறது.

இந்தக் காலத்தில் எவ்வளவு ஏறுகிறது என்பதற்கு ஆய்வே இருக்கிறது. 2000-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஒரு ஆய்வு வந்தது. அமெரிக்காவில் 195 பேரைப் பண்டிகைக் காலத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தார்கள். சராசரியாக ஏறியது 0.37 கிலோ. அரைக் கிலோகூட இல்லை! ஆனால் வசந்தமும் கோடையும் வந்து போன பிறகும் அந்த எடை இறங்கவில்லை என்பதுதான் அதில் கவனிக்க வேண்டிய செய்தி. வருடா வருடம் இப்படிச் சேர்ந்தால் பத்து வருடத்தில் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

எடை குறைத்தவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. உடம்பு பழைய எடைக்குத் திரும்பத்தான் பார்க்கும். கொழுப்பு குறையும்போது லெப்டின் என்ற ஹார்மோன் குறைகிறது, பசி கூடுகிறது. சும்மா இருக்கும்போது உடம்பு செலவழிக்கும் கலோரியும் எதிர்பார்ப்பதைவிடக் குறைந்துவிடுகிறது. 2016-ல் கெவின் ஹால் குழுவினர் எடை குறைப்புப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்துச் சோதித்தார்கள். அவர்களின் உடம்பு ஒரு நாளைக்கு எதிர்பார்த்ததைவிட ஏறக்குறைய 500 கலோரி குறைவாகவே செலவழித்தது. அவர்கள் அசுர வேகத்தில் குறைத்தவர்கள், அந்த எண் எனக்கும் உங்களுக்கும் அப்படியே பொருந்தாது. ஆனால் உடம்பு இழுக்கும் திசை அதுதான். என்றுமே எடை குறைக்காத என் அத்தை மகன் "ஒரு நாள்தானே, தின்னு" என்று சொல்வதற்கும், அதே தட்டு என் முன்னால் இருப்பதற்கும் வித்தியாசம் உண்டு என்று அவனுக்கு எப்படிப் புரிய வைப்பது?

சரி, சாப்பாட்டை விடுங்கள். வாய்களுக்கு வருவோம்.

பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டு முற்றத்தில் கால் வைப்பதற்குள் முதல் கேள்வி வரும். "என்ன மக்கா, எலும்பும் தோலுமாட்டு ஆயிட்டியே, சுகர் வந்துட்டா?" இதே வாய்தான் முன்பெல்லாம் "ஏன் பிள்ளே இப்படி ஊதிட்டே போற?" என்று கேட்டது. இரண்டுமே பாசம்தான், சந்தேகமில்லை. ஆனால் பத்துப் பேர் முன்னால் வைத்துக் கேட்கிற பாசம். இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. 2025-ல் மௌஞ்சாரோ, வெகோவி என்ற எடை குறைப்பு ஊசிகள் இந்தியாவில் விற்பனைக்கு வந்தாலும் வந்தது, யார் மெலிந்தாலும் "ஊசி போட்டியா?" என்பதுதான் கேள்வி. டாக்டர் பார்த்து எழுதிக் கொடுத்துப் போட்டால் அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? போட்டவரும் போடாதவரும் ஏன் மாமியிடம் மருத்துவச் சீட்டைக் காட்ட வேண்டும்? நான் "நல்லாட்டு இருக்கேன் மாமி, முட்டுவலி எப்படி இருக்கு?" என்று திருப்பிவிடுவேன். முட்டுவலியைப் பற்றிக் கேட்டால் அரை மணி நேரம் என் உடம்பு தப்பிக்கும்.

அடுத்தது வீடு வீடாகப் போவது. ஒரு மத்தியானத்தில் நாலு வீடு ஏறினால் நாலு சாயா, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சீனி. தட்டில் கேக், அச்சுமுறுக்கு, முந்திரிக்கொத்து, ஏத்தங்காய் சிப்ஸ். நூறு கிராம் சிப்ஸில் ஏறக்குறைய 500 கலோரி இருக்கிறது. பேசிக்கொண்டே டப்பாவுக்குள் கை விட்டால் நூறு கிராம் போவது தெரியவே தெரியாது. இங்கே நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். வீட்டில் யாராவது கைப்பட செய்ததைச் சாப்பிடுவேன். சிறுபயறு வறுத்துப் பொடித்து, வெல்லப் பாகும் தேங்காயும் சேர்த்து உருட்டி, மாவில் முக்கிப் பொரித்த முந்திரிக்கொத்தை ஒரு கிழவி நடுங்குகிற கையால் நீட்டும்போது வேண்டாம் என்று சொல்கிற ஒழுக்கம் எனக்குத் தேவையில்லை. கடையில் வாங்கி அட்டைப்பெட்டியில் அடுக்கியிருக்கும் கேக் துண்டை மட்டும் தொடமாட்டேன். எல்லாக் கடையிலும் ஒரே ருசி, அதற்காக எதற்கு வயிற்றில் இடம்?

"டயட்" என்ற சொல்லை மட்டும் ஊரில் வாய் தவறியும் சொல்லாதீர்கள். சொன்னால் அந்த வீட்டுத் திண்ணையில் ஒரு பட்டிமன்றம் தொடங்கிவிடும். யாரோ ஒருவர் டயட் இருந்து மயங்கி விழுந்த கதை கட்டாயம் வரும். "இப்பத்தான் சித்தி வீட்ல தின்னேன், பொதிஞ்சு தாங்க, கொண்டு போறேன்" என்றால் போதும். கொடுப்பவருக்கும் சந்தோஷம், சென்னையில் என் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் சந்தோஷம். சாயாவுக்குப் பதில் பாலும் சீனியும் போடாத கட்டஞ்சாயா கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நம் ஊர்ச் சாப்பாடு எதிரி என்று எடை குறைப்பு வீடியோ போடுகிறவர்கள் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். சம்பா அரிசிக் கஞ்சி, பயறு, கீரைத் துவரன், தேங்காய் அரைத்துவிட்ட சாளைக்குழம்பு, ஒரு மட்டி வாழைப்பழம். இதில் என்ன குறை? 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய மட்டியை விட்டுவிட்டு, வெளிநாட்டிலிருந்து வரும் பழத்தை உடம்புக்கு நல்லது என்று கிலோ கணக்கில் வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. மரச்சீனிக்கிழங்கு (மரவள்ளி) அளவு தெரிந்து தின்ன வேண்டிய பண்டம், அதை ஒத்துக்கொள்கிறேன். மீன்குழம்பு நன்றாக அமைந்துவிட்டால் அளவு யாருக்கும் தெரியாது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

அமெரிக்காவில் 1994-லிருந்து, எடையை நிறையக் குறைத்து அதைத் தக்கவைத்திருப்பவர்களின் பதிவேடு ஒன்று நடக்கிறது. அதில் இருப்பவர்களில் பலர் விடுமுறை நாளிலும் வேலை நாளைப் போலவே சாப்பிடுகிறார்களாம், வாரத்துக்கு ஒரு தடவையாவது எடை பார்க்கிறார்களாம், தினமும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் உடம்புக்கு வேலை கொடுக்கிறார்களாம். இரண்டாவதையும் மூன்றாவதையும் எடுத்துக்கொண்டேன். முதலாவது நமக்குச் சரிப்படாது. நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வந்து, விடிந்ததும் குடும்பமே உட்கார்ந்து ஆப்பமும் இறைச்சிக்கறியும் தின்னும்போது ஓட்ஸ் கிண்ணத்தோடு தனியே உட்காருவதற்கா சென்னையிலிருந்து வந்தேன்? அன்றைக்கு வயிறு நிறையச் சாப்பிடுவேன். மறுநாள் பட்டினி கிடக்கவும் மாட்டேன், முந்தின நாளே வயிற்றைக் காயப்போட்டு வைக்கவும் மாட்டேன். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் விருந்துக்காக ஒரு வேளையை விட்டால் சர்க்கரை திடீரென்று இறங்கி ஆபத்தாகலாம், டாக்டரைக் கேட்காமல் அந்த வேலை வேண்டாம்.

பயணத்துக்கு வருகிறேன். ரயிலில் இப்போது 60 நாளுக்கு முன்புதான் முன்பதிவு திறக்கிறது. கிறிஸ்மஸ் வாரத்து டிக்கெட் கண் மூடித் திறப்பதற்குள் காத்திருப்புப் பட்டியலுக்குப் போய்விடும். 2024 ஆகஸ்டிலிருந்து எழும்பூர் - நாகர்கோவில் வந்தே பாரத் ஓடுகிறது, பகல் பயணம், கிடைத்தால் அதுதான் உத்தமம். கிடைக்காதவர்களுக்கு ஆம்னி பஸ். நடுராத்திரி ஏதோ ஒரு மோட்டலில் நிறுத்தி லைட்டைப் போட்டு எழுப்புவார்கள். பசியே இல்லாமல் பரோட்டா தின்கிற ஒரே இடம் உலகத்தில் அதுதான். பொடி தடவிய இட்லியும் அவித்த முட்டையும் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். வந்து சேர்ந்த அன்று எடை மெஷினில் ஏறாதீர்கள். ராத்திரி முழுக்கக் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து வந்தால் கால் வீங்கும். உப்பும் மாவும் கூடினால் உடம்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும். ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ கூடக் காட்டலாம். அது கொழுப்பு கிடையாது, வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பிய சில நாளில் இறங்கிவிடும். இது தெரியாமல் "எல்லாம் போச்சு" என்று மனம் விட்டு, போனதுதான் போச்சு என்று தின்கிறவர்கள்தான் அதிகம்.

நடப்பதற்கு எங்கள் பக்கம் பாசனக் கால்வாய் ஓரமான சானல்கரையை மிஞ்சிய இடம் இல்லை. காலையில் தென்னை நிழலில், தண்ணீர்ச் சத்தத்தோடு நடக்கலாம். மெயின் ரோட்டில் நடக்க நான் யாருக்கும் சொல்லமாட்டேன். கேரளாவுக்குக் கல்லும் எம்சாண்டும் ஏற்றிப் போகும் டாரஸ் லாரிகள் உரசிக்கொண்டு போகும், ஒதுங்க ஓரமே கிடையாது. வெளியூர்ச் சொந்தங்கள் வந்தால் கன்னியாகுமரிக்குக் கூட்டிப் போகச் சொல்வார்கள். படகுக்கு வரிசையில் நின்று, 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்தைக் கடந்துவிட்டு, "இன்னைக்கு நல்ல நடை" என்று சொல்லித் திரும்பும் வழியில் பிரியாணிக்கு நிறுத்துவார்கள். அதை நடைக் கணக்கில் எழுதாதீர்கள்.

ஆனால் பெண்களுக்கு அந்தச் சானல்கரை எட்டுமா என்பதுதான் பெரிய கேள்வி. "வீட்ல இவ்வளவு வேலை கிடக்கு, நடக்கப் போறாளாம்" என்று ஒரு குரல் அடுக்களையிலிருந்து வரும். பண்டிகை மன அழுத்தம் என்று பத்திரிகைகள் எழுதுவது நம் வீடுகளில் யார் தலையில் விழுகிறது? இருபது பேருக்கு மாவரைத்து, ஆப்பம் சுட்டு, பாத்திரம் கழுவி, கிறிஸ்மஸ் முதலில் எந்த வீட்டில் என்று மாமியாருக்கும் அம்மாவுக்கும் நடுவில் சமாதானம் பேசி, கேரல் குழு வந்து போனபின் ஒரு மணிக்குப் படுத்து ஐந்து மணிக்கு எழும்புகிறவள். தூக்கம் குறைந்தால் பசி கூடும். எல்லோரும் தூங்கிய பிறகு அவள் நின்றபடியே சிப்ஸ் டப்பாவைத் திறந்தால் அதற்கு மன உறுதியைக் குறை சொல்வது அநியாயம். அவளுக்கு முதல் தேவை இன்னும் இரண்டு மணி நேரத் தூக்கமும், பாத்திரம் கழுவ இன்னொரு ஆளும். எடைக் கட்டுப்பாடெல்லாம் அப்புறம் பேசலாம்.

இந்தத் தடவை எங்கள் வீட்டில் அதை முன்கூட்டியே வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். காலை ஆறிலிருந்து ஏழு வரை பெண்கள் யாரும் அடுக்களையில் இருக்கமாட்டோம், கட்டஞ்சாயா ஆண்கள் போட்டுக்கொள்ளலாம், மத்தியானப் பாத்திரம் தம்பிமாருக்கு. இரண்டு அத்தான்மார் கைகூப்பும் படம் போட்டிருக்கிறார்கள். ஒரு மாமா குழுவை விட்டே வெளியேறிவிட்டார். மைனி (அண்ணி) மட்டும் தனியாகச் செய்தி அனுப்பி, நடக்கப் போட ஷூ எந்த சைஸ் வாங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாள்.