யாருடைய மாநில உரிமை?

1861 முதல் 1865 வரை வட மாநிலங்களும் பிரிந்துபோன தென் மாநிலங்களும் மோதிய அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "அது அடிமைமுறைக்காக நடந்த சண்டை இல்லைங்க, மாநில உரிமைக்காக நடந்தது" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார். நன்றாகப் படித்தவர்களே சொல்கிறார்கள். மாநில உரிமை என்ற சொல்லைக் கேட்டதும் நம் ஊரில் பலருக்கு மனம் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். எனக்கும்தான். அதனாலேயே இந்தப் பேச்சைச் சும்மா கடந்துபோக முடியவில்லை.

1850இல் அமெரிக்க நாடாளுமன்றம் தப்பியோடிய அடிமைகளைப் பிடிக்க ஒரு கடுமையான சட்டம் போட்டது. கேட்டு வாங்கியவை அடிமைமுறை நிலவிய தென் மாநிலங்கள். பிடிபட்டவருக்கு ஜூரி விசாரணை கிடையாது. தன் வழக்கில் தானே சாட்சி சொல்லவும் முடியாது. அடைக்கலம் கொடுத்தவருக்கு 1,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. தெருவில் போகிறவரைக்கூட "வா, பிடிக்க உதவு" என்று அதிகாரி கூப்பிடலாம். விசாரிக்கும் ஆணையருக்கு, அந்த மனிதரை எஜமானிடம் ஒப்படைத்தால் 10 டாலர் கட்டணம், விடுவித்தால் 5 டாலர். முதன்முதலில் இதைப் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

ஆண்டனி பர்ன்ஸ் தெற்கே வர்ஜீனியாவில் அடிமையாக இருந்து, கப்பலில் ஒளிந்து வடக்கே மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பாஸ்டனுக்கு வந்தவர். துணிக்கடையில் வேலை, வயது பத்தொன்பது. சகோதரனுக்கு எழுதிய கடிதம் எஜமான் கையில் சிக்கிவிட்டது. 1854 மே 24 அன்று, நகைக்கடையில் திருடியதாகப் பொய் சொல்லி அவரைப் பிடித்தார்கள். அவரை மீட்க ஒரு கூட்டம் நீதிமன்றக் கதவை இடித்துத் திறக்கப் பார்த்தது. அந்தக் கலவரத்தில் காவலர் ஒருவர் உயிரிழந்தார். ஜூன் 2ஆம் தேதி, கட்டடங்களில் கறுப்புத் துணி. ஒரு இடத்தில் 'சுதந்திரம்' என்று எழுதிய சவப்பெட்டி தொங்குகிறது. சுமார் 50,000 பேர் தெருவோரம் நின்று "வெட்கம், வெட்கம்" என்று கத்துகிறார்கள். நடுவே, ஆயுதமேந்திய படைகள் சூழ, அந்த ஒற்றை மனிதரை வர்ஜீனியாவுக்குத் திருப்பி அனுப்பத் துறைமுகத்துக்கு நடத்திப் போகிறார்கள்.

அந்தத் தெரு மாசசூசெட்ஸ் மாநிலத்தின் தெரு. அன்று மாநில உரிமையைக் காலில் போட்டு மிதித்தது யார்?

ஏமோஸ் லாரன்ஸ் என்ற பாஸ்டன் ஜவுளி வணிகர் அதற்கு முன்பு தெற்கோடு சமரசமாகப் போக வேண்டும் என்ற கட்சிக்காரர். தெற்கத்திப் பருத்தியில்தான் அவர் தொழிலே. இரவு சமரசவாதிகளாகப் படுத்தோம், காலையில் அடிமை ஒழிப்பு வெறியர்களாக எழுந்தோம் என்ற பொருளில் எழுதினார். பர்ன்ஸ் காவலில் இருந்த அதே வாரம், மே 30ஆம் தேதி, கான்சாஸ்-நெப்ராஸ்கா சட்டம் கையெழுத்தானது. இதற்கு வடக்கே அடிமைமுறை கூடாது என்று 1820இல் போட்ட எல்லைக்கோடு போயிற்று. அடிமைமுறை வேண்டுமா வேண்டாமா என்பதைக் கான்சாஸ், நெப்ராஸ்கா என்ற புதுப் பிரதேசங்களில் குடியேறுகிறவர்களே முடிவு செய்யலாம் என்றானது. அப்புறம் இரு தரப்பும் துப்பாக்கியோடு குடியேறின. லாரன்ஸ் பணமும் துப்பாக்கியும் அனுப்பினார். அவர் பெயரிலேயே கான்சாஸில் எழுந்த ஊரை 1856 மே 21இல் அடிமைமுறை ஆதரவாளர்கள் சூறையாடினார்கள். மறுநாள் செனட் சபைக்குள்ளேயே, மேசை முன் உட்கார்ந்திருந்த, அடிமைமுறையைக் கடுமையாக எதிர்த்த மாசசூசெட்ஸ் செனட்டர் சார்ல்ஸ் சம்னரை ஒரு தெற்கத்தி உறுப்பினர் கைத்தடியால் ரத்தம் சொட்ட அடித்தார். அடித்தவருக்கு ஆதரவாளர்கள் புதுக் கைத்தடிகளைப் பரிசாக அனுப்பினார்கள்.

சரி, பிரிந்து போனவர்களே என்ன காரணம் எழுதினார்கள்? 1860 டிசம்பரில் முதலில் பிரிந்த தென் கரோலினாவின் காரண அறிக்கையை எடுத்துப் பாருங்கள். வட மாநிலங்கள் தப்பியோடிய அடிமைகளைத் திருப்பித் தருவதில்லை, மத்திய சட்டத்தை முடக்கத் தாங்களாகச் சட்டம் போடுகின்றன, நியூயார்க் வழியாக அடிமையைக் கூட்டிப்போகக்கூட விடுவதில்லை. புகாரே இதுதான்! பிற மாநிலங்கள் தங்கள் உரிமையைப் பயன்படுத்தியதுதான் அவர்களுக்குக் குற்றம். மிசிசிப்பி இன்னும் வெளிப்படையாக, எங்கள் நிலை அடிமைமுறையோடு முழுக்கப் பிணைந்தது என்றே எழுதியது. அன்று கிட்டத்தட்ட 40 லட்சம் பேர் அடிமைகளாக இருந்தார்கள்.

பர்ன்ஸை 1855இல் பாஸ்டன் மக்கள் 1,300 டாலர் கொடுத்து மீட்டார்கள். எஜமானை விட்டு ஓடியது பாவம் என்று வர்ஜீனியாவில் அவருடைய தேவாலயச் சபை அவரை விலக்கி வைத்திருந்தது. கடவுள் என்னை மனிதனாகத்தான் படைத்தார், அடிமையாக அல்ல. என்னைத் திருடியவனுக்குத் தன்மேல் உள்ள அதே உரிமை எனக்கும் என்மேல் உண்டு என்று அவர் பதில் எழுதினார். கனடாவில் போதகராக இருந்து, போர் நடந்துகொண்டிருந்த 1862இல் இறந்தார். வயது 28.