மலை வரைபடத்தில் வெள்ளையாக விட்ட இடங்கள்

பழைய மலை வரைபடம் ஒன்றை யாராவது பகிர்ந்தால் கீழே இரண்டு வகைப் பின்னூட்டம் வரும். "அந்தக் காலத்திலேயே எப்படி அளந்திருக்கிறார்கள் பாருங்கள்" என்பது ஒன்று. "இப்போதுதான் செயற்கைக்கோள் இருக்கிறதே, இதெல்லாம் அருங்காட்சியகத்துக்குத்தான்" என்பது இன்னொன்று. எனக்கு இரண்டிலும் உடன்பாடு இல்லை. அந்தத் தாள்களை நான் மதிப்பதற்குக் காரணம் வேறு. எந்த இடம் அளந்தது, எந்த இடம் குத்துமதிப்பு, எந்த இடம் யாருக்கும் தெரியாது என்பதை அந்தத் தாளே சொல்லிவிடும். கையிலிருக்கும் ஃபோன் அதைச் சொல்வதில்லை.

இமயமலை, காரகோரம் பகுதிகளின் பழைய டோபோஷீட் (நிலத்தின் ஏற்ற இறக்கங்களைக் காட்டும் வரைபடத் தாள்) ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைக்கும் சம உயரக் கோடு முழுக்கோடாகப் போனால் அங்கே சர்வேயர் அளந்திருக்கிறார். அதே கோடு துண்டு துண்டாக மாறினால், தூரத்தில் நின்று பார்த்து மலையின் வடிவத்தை மட்டும் வரைந்திருக்கிறார், உயரத்துக்கு உத்தரவாதம் இல்லை. சில தாள்களில் கோடு நடுவழியில் நின்றேவிடும். அதற்கு அப்பால் வெறும் வெள்ளை, அதன்மேல் 'அளக்கப்படவில்லை' என்ற குறிப்பு. 1950களில் அமெரிக்க ராணுவம் இந்தியா, பாகிஸ்தான் பகுதிகளுக்கு 1:2,50,000 அளவில் தொகுத்த யு502 வரிசைத் தாள்களின் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். தாளின் எந்தப் பகுதி நம்பத்தக்க அளவையிலிருந்து வந்தது, எது சுமாரான மூலத்திலிருந்து வந்தது என்று அதில் பிரித்துக் காட்டியிருப்பார்கள். தன் பலவீனத்தைத் தானே அச்சடித்துக் கொடுக்கும் ஆவணங்கள் உலகத்தில் ரொம்பக் குறைவு.

இந்த வெள்ளையைப் பொறுக்க முடியாமல் நிரப்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஜேம்ஸ் ரென்னல் கதை இருக்கிறது. 1767இல் வங்காளத்தின் சர்வேயர் ஜெனரல் ஆனவர். இந்திய சர்வே துறை தன் தொடக்கமாகச் சொல்லும் ஆண்டும் அதுதான். சாதாரண ஆளில்லை. அவரே பிற்பாடு, 1798இல், மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போய் வந்த மங்கோ பார்க்கின் பயணத்துக்கு வரைபடம் தயாரித்தபோது, நைஜர் ஆற்றுக்குத் தெற்கே கிழக்கு மேற்காக நீளமாக ஒரு மலைத்தொடரைப் போட்டார். 'காங் மலைகள்' என்று பெயர். ஆறு ஏன் தெற்கே திரும்பவில்லை என்பதற்கு ஒரு மலை தேவைப்பட்டது, வைத்தார். அப்புறம் வந்த ஒவ்வொருவரும் அதைப் பார்த்து வரைந்தார்கள். பிரெஞ்சு அதிகாரி லூயி குஸ்தாவ் பிங்கர் நேரில் போய்த் தேடிவிட்டு, அப்படி ஒரு மலைத்தொடரே இல்லை என்று 1889இல் சொல்லும்வரை, கிட்டத்தட்ட 90 வருடம் இல்லாத மலை அட்லஸ்களில் நின்றது. வெள்ளையாக விட்டிருந்தால் யாராவது சீக்கிரமே போய்ப் பார்த்திருப்பார்கள் என்பது என் ஊகம். மலை இருக்கிறது என்று போட்டுவிட்டால், போகிறவன் சுற்றிக்கொண்டுதான் போவான்.

சரி, இமயமலைக்கு வருவோம். வில்லியம் லாம்டன் 1802இல் சென்னை பரங்கிமலைக்குப் பக்கத்தில் ஓர் அடிக்கோடு அளந்து தொடங்கிய முக்கோண அளவை, அரை நூற்றாண்டில் இமயமலை அடிவாரம்வரை போய்விட்டது. நேபாளம் உள்ளே விடவில்லை. அதனால் 1849, 50 வாக்கில் பீகார்ச் சமவெளியில் ஆறு நிலையங்களில் கோணம் அளக்கும் தியோடலைட்டை வைத்து, '15ஆம் எண் சிகரம்' என்று குறித்து வைத்திருந்த ஒரு முகட்டை, இன்று நாம் எவரெஸ்ட் என்று சொல்வதை, பார்த்தார்கள். மிக அருகில் இருந்த நிலையமே சுமார் 170 கி.மீ. தள்ளி. அவ்வளவு தூரத்துக்கு பூமியின் வளைவு மட்டுமே சிகரத்தின் உயரத்தில் 2 கி.மீட்டருக்கு மேல் மறைத்துவிடும். காற்று ஒளியை வளைப்பதால் அதில் சில நூறு மீட்டர் திரும்பவும் மேலே எழுந்து தெரியும். எவ்வளவு வளைக்கும் என்பது வெப்பத்தைப் பொறுத்தது, காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. இதையெல்லாம் கழித்துக் கூட்டி, ராதாநாத் சிக்தர் போன்ற கணக்காளர்கள் வருடக்கணக்கில் உட்கார்ந்து போட்டதன் முடிவாக 1856இல் அப்போதைய சர்வேயர் ஜெனரல் ஆண்ட்ரூ வா அறிவித்த உயரம் 29,002 அடி, அதாவது 8,840 மீட்டர். 2020இல் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்தது 8,848.86. ஒன்பது மீட்டர் வித்தியாசம்.

இந்த ஒன்பது மீட்டரைக் காட்டி வியப்பது எல்லோரும் செய்வதுதான். அளந்து முடித்த பிறகும் ஆண்டுக்கணக்கில் வெளியே சொல்லாமல் வைத்திருந்தார்களே, அதுதான் என்னை ஈர்க்கிறது. ஒளிவிலகல் தங்களை ஏமாற்றுகிறதா என்று அவர்களுக்குச் சந்தேகம். அந்தச் சந்தேகத்தையும் கணக்கில் சேர்த்தார்கள்.

இதைவிட அழகான இன்னொன்று உண்டு. வாவுக்கு முன் சர்வேயர் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் எவரெஸ்ட் காலத்தில் மத்திய இந்தியாவின் கல்யாண்பூருக்கும், இமயமலைக்குக் கொஞ்சம் தெற்கே இருக்கும் கல்யாணாவுக்கும் இடையே உள்ள அட்சரேகை வித்தியாசத்தை இரண்டு வழியில் கண்டார்கள். முக்கோணங்களை அடுக்கிக் கணக்கிட்டது ஒன்று, நட்சத்திரங்களைப் பார்த்துக் கண்டது இன்னொன்று. இரண்டும் 5 விகலைக்குச் சற்று மேலே முரண்பட்டன. விகலை என்பது பாகையில் 3,600இல் ஒரு பங்கு. அந்த முரண் தரையில் பார்த்தால் சுமார் 160 மீட்டர். சுமார் 600 கி.மீ. நீளத்தில் 160 மீட்டர் போனால் போகட்டும் என்று விட்டிருக்கலாம். விடவில்லை. கல்கத்தாவில் இருந்த ஜான் பிராட் என்ற பாதிரியார் உட்கார்ந்து கணக்குப் போட்டார். அவ்வளவு பெரிய மலை பக்கத்தில் இருந்தால் தூக்குக்குண்டைத் தன் பக்கம் இழுக்கும். இழுத்தால், அந்தக் குண்டு காட்டும் செங்குத்தை வைத்து எடுத்த நட்சத்திர அளவை பிசகும். நியாயம்தான். ஆனால் 1855இல் அவர் கணக்குப்படி பிசகு 15 விகலைக்கு மேல் இருந்திருக்க வேண்டும். உண்மையில் இருந்தது அதில் மூன்றில் ஒரு பங்கு. அவ்வளவு பெரிய மலை எதிர்பார்த்த அளவுக்கு இழுக்கவில்லை! அதே ஆண்டு இங்கிலாந்தின் வானியலாளர் ஜார்ஜ் ஏரி ஒரு விளக்கம் சொன்னார்: மலைக்கு அடியில் எடை குறைந்த பாறை ஆழமாக வேர்போல் இறங்கியிருக்கிறது, அடர்த்தியான அடிப்பொருளின்மேல் மலை மிதக்கிறது. மலைகளுக்கு வேர் உண்டு என்ற புவியியலின் அடிப்படைக் கருத்துகளில் ஒன்று, சர்வேயர்கள் மறைக்காமல் விட்டுவைத்த ஒரு பிழையிலிருந்து வந்தது.

நைன் சிங் ராவத்தைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள், அதனால் சுருக்கமாக. 1860களில் இந்திய சர்வேக்காக வேடமிட்டு திபெத்துக்குள் போய், 2,000 காலடி எடுத்து வைத்தால் ஒரு மைல் என்று பயிற்சி எடுத்து, 108 மணிகளுக்குப் பதில் 100 மணி கோத்த மாலையில் எண்ணி நடந்து, லாசாவின் இடத்தை வரைபடத்தில் வைத்தவர். தூரம் காலடியில் வந்தது, அட்சரேகை வானிலுள்ளவற்றின் கோணத்தை அளக்கும் செக்ஸ்டண்டில் வந்தது, உயரம் தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலையிலிருந்து வந்தது. இந்த மூன்றுக்கும் மூன்று விதமான பிழை உண்டு. அறிக்கையோடு செய்முறையும் சேர்ந்து போனதால், எதை எவ்வளவு நம்பலாம் என்று படிப்பவர்களுக்குத் தெரிந்தது.

ஒரு சுவையான விஷயம். 1937இல் காரகோரத்துக்கு வடக்கே ஷாக்ஸ்காம் பகுதியில் மீந்திருந்த வெள்ளையை நிரப்ப எரிக் ஷிப்டன் தலைமையில் ஒரு சிறு குழு போனது. அதில் அளவை செய்த மைக்கேல் ஸ்பெண்டர், கவிஞர் ஸ்டீபன் ஸ்பெண்டரின் அண்ணன். புவியியலாளர் ஜான் ஆடன், கவிஞர் ஆடனின் அண்ணன். தம்பிகள் கவிதை எழுதிக்கொண்டிருக்க, அண்ணன்கள் இருவரும் ஒரே பனியாற்றின்மேல் பிளேன் டேபிளை (களத்திலேயே வைத்து வரைபடம் வரையும் பலகையை) தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார்கள்.

இப்போது ஃபோனுக்கு வருகிறேன். நாம் பார்க்கும் பல மலையேற்றச் செயலிகளில் சம உயரக் கோடுகளுக்கு மூலம் எஸ்ஆர்டிஎம் என்ற தரவு. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் 11 நாள் சுற்றி, நிலப்பரப்பில் சுமார் 80 சதவீதத்தை ரேடாரால் அளந்தது. மகத்தான வேலை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ரேடார் பக்கவாட்டில் பார்க்கும் கருவி. செங்குத்தான முகட்டுக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தாக்கில் அதன் அலை விழாது. ரேடாரை நோக்கி நிற்கும் சரிவுகளில் உச்சியின் எதிரொலியும் அடிவாரத்தின் எதிரொலியும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்துவிடும். ஆகவே இமயமலை, காரகோரம் போன்ற இடங்களில் தரவில் ஓட்டைகள் இருந்தன. அதாவது அந்தப் பழைய வெள்ளை, புது வடிவத்தில். அடுத்தடுத்த பதிப்புகளில் வேறு மூலங்களிலிருந்தும், சுற்றியுள்ள புள்ளிகளை வைத்து ஊகித்தும் ஓட்டைகளை அடைத்தார்கள். தரவைத் தயாரித்த விஞ்ஞானிகள் நேர்மையாகத்தான் இருந்தார்கள். எந்தப் புள்ளி எந்த மூலத்திலிருந்து வந்தது என்று சொல்லும் தனிக் கோப்பையும் வெளியிட்டார்கள். செயலிகள்தான் அதைக் கண்டுகொள்வதில்லை. அளந்த சரிவும் அடைத்த ஓட்டையும் ஒரே நிறத்தில், ஒரே தடிமனில், ஒரே வழவழப்பில் வருகின்றன. துண்டுக்கோடு என்ற வழக்கமே போய்விட்டது.

இதை வெறும் அழகியல் புகார் என்று தள்ள வேண்டாம். 40 மீட்டர் இடைவெளியில் சம உயரக் கோடு போட்டால், இரண்டு கோட்டுக்கு நடுவில் 35 மீட்டர் செங்குத்துப் பாறை ஒளிந்துகொள்ளலாம். பழைய வரைவாளர் அந்த இடத்தில் பாறைக் குறியைப் போடுவார். சுவிட்சர்லாந்தில் 1845க்கும் 1865க்கும் இடையே 25 தாள்களாக வந்த துஃபூர் வரைபடத்தில் சம உயரக் கோடே கிடையாது. சரிவைக் காட்ட மெல்லிய சிறு கோடுகள், செங்குத்தாக ஆக ஆகக் கறுக்கும், வடமேற்கிலிருந்து ஒளி விழுவதாகக் கொண்டு நிழல் பக்கம் இன்னும் கறுத்திருக்கும். ஒவ்வோர் இடத்தின் உயரமும் எவ்வளவு என்று அது வாக்குக் கொடுக்காது, கால் வைக்கலாமா கூடாதா என்று சொல்லிவிடும். மலையில் நடப்பவனுக்கு முதலில் வேண்டியது எது?

ஆனால் பழைய தாள் என்றால் வேதவாக்கு என்று பிடித்துக்கொள்பவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. பனியாறு உருகும் விவாதத்தில் அடிக்கடி ஒரு படம் வரும்: 1960களின் டோபோஷீட்டில் பனியாறு இவ்வளவு, இன்றைய செயற்கைக்கோள் படத்தில் இவ்வளவுதான். இமயமலையில் பனியாறுகள் சுருங்குவது உண்மை, அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் வான்படங்களை வைத்து வரைந்த அந்தத் தாள்கள் சிலவற்றில், அந்தப் பருவத்தில் விழுந்து கிடந்த பனியையும் பனியாறு என்று சேர்த்து வரைந்துவிட்டார்கள் என்பதை ஆய்வாளர்கள் பலமுறை சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். அதோடு ஒப்பிட்டால் இழப்பு உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். மாறாக, மேலே சொன்ன அதே ஜான் ஆடன் 1935இல் கங்கோத்ரி பனியாற்றின் முனைக்கு நேரில் போய், பெரிய அளவில் பிளேன் டேபிளில் வரைந்து வைத்தது இன்றைக்கும் ஒப்பிட உதவுகிறது. ஒரு தாள் பழையதா புதியதா என்று கேட்பதில் பயனில்லை. யார், எந்த மாதத்தில், எங்கே நின்று, எதை வைத்து அளந்தார்கள் என்பதுதான் கேள்வி. அதற்கு விடை தாளின் ஓரத்தில் இருக்கும்.

அந்த ஓரம் நமக்குக் கிடைப்பதில்தான் பிரச்சினை. சுவிஸ் அரசின் இணையதளத்தில் ஆண்டைத் தள்ளித் தள்ளி, ஒரே பள்ளத்தாக்கு 1844 முதல் எப்படி வரையப்பட்டு வந்தது என்று யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். இந்தியாவில் எல்லைப்புற மலைத்தாள்கள் வெகுகாலம் பூட்டுக்குள் இருந்தன. 2005 வரைபடக் கொள்கை பொதுமக்களுக்கென்று தனி வரிசையைப் பிரித்தது, 2017இல் தரவிறக்கம் வந்தது, 2021 பிப்ரவரியில் விதிகள் நன்றாகவே தளர்ந்தன. நல்லது. ஆனால் இவையெல்லாம் புதிய தாள்களைப் பற்றியவை. பழைய பதிப்புகளைத் தேடினால் நாம் இன்றும் போய் நிற்பது டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகத்தின் இணையப் பக்கத்தில். யு502 வரிசையை அவர்கள்தான் ஸ்கேன் செய்து திறந்து வைத்திருக்கிறார்கள். நூறு வருடத்துக்கு முந்தைய ஓர் இமயமலைத் தாளை எதிரி பார்த்துவிடுவான் என்று இனியும் பயப்படத் தேவையில்லை. இந்திய சர்வே துறை தன் பழைய பதிப்புகள் அனைத்தையும், பதிப்பு பதிப்பாக, ஓரத்தோடு வெளியிட வேண்டும் என்பது என் கோரிக்கை.

அதுவரைக்கும் ஆர்வலர்கள் செய்யும் வேலையைத்தான் நம்பியிருக்கிறோம், அவர்களிடம் ஒரு வேண்டுகோள். பக்கத்துத் தாள்களோடு ஒட்டுவதற்காக ஓரத்தை வெட்டிவிட்டு, ஒரே நீளப் படமாக ஏற்றுகிறீர்கள். பார்க்க அருமையாக இருக்கிறது, ஆனால் அளவை ஆண்டும் நம்பகக் கட்டமும் மூலக் குறிப்பும் வெட்டிய துண்டோடு போய்விடுகின்றன. ஓரத்தைத் தனிப் படமாக அதே கோப்புறையில் போடுங்கள். கோப்பின் பெயரில் அச்சிட்ட ஆண்டை மட்டும் எழுதாமல் அளந்த ஆண்டையும் சேருங்கள். மலைத்தாள்களில் இந்த இரண்டுக்கும் நடுவே பல பத்தாண்டுகள்கூட இருக்கும்.