போன கால் திரும்ப முளைக்குமா?

வெட்டி எடுத்த கால் வருடா வருடம் முளைத்தா வருகிறது? பிறகு எதற்கு அந்த மனுசனிடம் திரும்பத் திரும்ப வைத்தியச் சான்றிதழ் கேட்கிறீர்கள்?

என் மச்சானைத்தான் சொல்கிறேன். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருக்கிறார். முழங்காலுக்குக் கீழே இடது கால் இல்லை, முதுகில் ஷெல் துண்டு ஒன்று இன்னும் கிடக்கிறது. அங்கவீனர் கொடுப்பனவு எடுக்க அலுவலகத்துக்குப் போனால் "கடிதம் பழசு, புதுசு கொண்டு வாங்க" என்கிறார்கள். புதுசு எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனால் "டொக்டர் லீவு, மறுகா வாங்க". பஸ் ஏறி, இறங்கி, ஓட்டோவுக்குக் காசு கொடுத்துப் போனால் அந்த அலுவலகம் மேல்மாடியில் இருக்கிறது. பொதுக் கட்டடங்களுக்குள் போவதில் அங்கவீனருக்குப் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. கைப்பிடிகூட இல்லாத அந்தப் படிக்கட்டில் அவர் குந்திக் குந்தி ஏறுவதை வந்து பாருங்கள்!

இதையெல்லாம்கூடப் பொறுக்கலாம். ஆஸ்பத்திரி வரிசையில் அத்தனை சனத்துக்கு முன்னால் சத்தமாக, "கால் எப்படிப் போன?" என்று கேட்பதைத்தான் தாங்க முடியவில்லை. "எக்சிடென்ட்" என்று தலையைக் குனிந்துகொண்டு சொல்வார். உண்மையைச் சொன்னால் பிறகு யார் வீட்டு வாசலில் வந்து நின்று என்ன விசாரிப்பார்களோ என்ற பயம். சமாதான காலம் என்று சொன்ன 2002 இற்குப் பிறகும் புலிகள் வீட்டுக்கொரு பிள்ளை கேட்டு வந்தார்களே, அப்போது பள்ளிக்கூட வயதில் கொண்டுபோகப்பட்டவர் அவர். விரும்பிப் போகவில்லை. வாகரைச் சண்டையில் கால் போனது. அரசாங்கத்தின் புனர்வாழ்வும் முடித்தாயிற்று. இன்னும் எத்தனை காலத்துக்கு அவர் பொய் சொல்லி மருந்து எடுக்க வேண்டும்?

பொய்க்காலைப் பற்றி யாருக்காவது தெரியுமா? காலம் போகப் போக வெட்டிய இடத்துச் சதை சுருங்கும். அப்போது அந்த இடம் பொருந்தும் பொய்க்காலின் கிண்ணம் தளரும், புதிதாக அளவெடுத்து மாற்ற வேண்டும். இவர் பழைய காலுறைகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் திணித்துக்கொண்டு வயலுக்குப் போகிறார். பின்னேரம் கழற்றினால் தோல் உரிந்து சிவந்திருக்கும். அதில் சேற்றுத் தண்ணீர் வேறு. முதுகு வலிக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கலாம் என்றார்கள், அப்புறம் உடம்புக்குள் இரும்புத் துண்டு இருப்பதால் ஆபத்து என்று விட்டுவிட்டார்கள். வேறு என்ன வழி என்று ஒருவரும் சொல்லவில்லை. பனடோல் கொடுத்து அனுப்புகிறார்கள்.

காயப்பட்ட படையினருக்கு 1999 இல் ரணவிரு சேவா அதிகார சபை என்று சட்டம் போட்டே அமைத்தார்கள். அவர்களுக்குக் கிடைப்பதில் எனக்கு எந்த எரிச்சலும் இல்லை. கால் இழந்து உகணை, மகாஓயா போன்ற சிங்கள ஊர்களுக்கு வீடு திரும்பியவனும் ஏழை வீட்டுப் பிள்ளைதான். 12 வருடச் சேவை முடிய முன்னே காயப்பட்ட சிப்பாய்கள் ஓய்வூதியம் கேட்டுக் கொழும்பில் வீதியில் இருந்ததையும் பார்த்தோம். ஆனால் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அப்படி ஒரு கதவே இல்லை. மாதா மாதம் கையில் வருவது அங்கவீனர் கொடுப்பனவு மட்டும். 2025 வரவு செலவுத் திட்டத்தில் அதை 7,500 ரூபாவிலிருந்து 10,000 ஆக்கினார்கள், நல்லது. அதை எடுப்பதற்கே இந்த அலைச்சல் என்றால்?

நிரந்தர ஊனத்துக்கு நிரந்தரச் சான்றிதழ் ஒன்று கொடுங்கள். பொய்க்கால் திருத்துபவர்களை மாதம் ஒருமுறையாவது கொக்கட்டிச்சோலை, கரடியனாறு, வாகரைப் பக்கம் அனுப்புங்கள். கால் எப்படிப் போனது என்று கேட்பதை விடுங்கள். காயத்தைப் பார்த்து மருந்து கட்டுங்கள்.