செல் எண்ணிக்கை மட்டும் போதாது

இறால் குஞ்சுக்குத் தீனியாகும் நுண்பாசியை வளர்ப்பதில் ஒரு மில்லிலிட்டருக்கு எத்தனை செல் என்பதுதான் முக்கியம் என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். மரக்காணம் பக்கம் ஓர் இறால் பொரிப்பகத்தில் பாசி அறையைப் பார்த்துக்கொள்கிறேன். எண்ணிக்கை சரியாக இருந்தும் குஞ்சு தேறாமல் போனதைக் கண்ணால் பார்த்தவன் நான்.

போன சித்திரையில் ஏசி பழுதாகி அறை 34 டிகிரிக்கு ஏறிவிட்டது. காலையில் நல்ல பொன்பழுப்பாக இருந்த கீட்டோசெரஸ் என்ற டயாட்டம் (சிலிக்கா ஓடுள்ள நுண்பாசி) வளர்ந்த தொட்டி, சாயங்காலத்துக்குள் வெளிறி, மேலே நுரை கட்டி, அடியில் சளி மாதிரிப் படிந்துவிட்டது. வேறு வழியில்லாமல் மிச்சத்தையே குஞ்சுகளுக்குத் தீனியாக ஊற்றினோம். நன்றாகத் தின்னும் ஜோயியாவுக்கு (இறால் குஞ்சின் ஓர் ஆரம்பப் பருவம்) பின்னால் நீளமாக மலக்கயிறு தொங்கும். மறுநாள் பீக்கரைத் தூக்கிப் பார்த்தால் பாதிக் குஞ்சுக்கு அது இல்லை.

சூடு மட்டுமல்ல. டயாட்டத்துக்குச் சிலிகேட் தீர்ந்தால் ஓடு கட்ட முடியாது, செல் பிரிவதும் நின்றுபோகும். நைட்ரஜன் குறைந்தால் கொழுப்பு ஏறும் என்பது உண்மைதான். ஆனால் அது பெரும்பாலும் சேமிப்புக் கொழுப்பு. புரதம் இறங்கிவிடும், குஞ்சுக்கு வேண்டிய இபிஏ என்ற ஒமேகா-3 கொழுப்பு அமிலம் அதே அளவுக்கு ஏறாது. அதனால்தான் வேகமாகப் பெருகும் கட்டத்திலேயே, மூன்றாம் நான்காம் நாளில், பாசியைத் தீனிக்கு எடுத்துவிடுகிறோம். இதையும் கட்டுரையில் சேர்த்தால் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு உதவும்.